மங்கம்மாள் சாலை நாலு வழிச் சாலை ஆன கதை



ஓசூரிலே நம்ம மாநிலத்துக்குள் நுழைந்து, கன்னியாகுமரியிலே கடலைக் கண்டு நிற்கிற நெடுஞ்சாலையிலே நீங்க எத்தனையோ தடவை போயிருப்பீங்க. பெரியவங்க இன்னும் அதை ஏழாம் நம்பர் ரோடு என்றுதான் சொல்வாங்க. காசியிலே புறப்பட்டு 2,369 கிலோமீட்டர் வந்த சாலை அது. 2010-இல் நம்பரை மாற்றினார்கள். இப்போது ஸ்ரீநகரிலிருந்து வருகிற 44-ஆம் நம்பர் சாலையிலே அதுவும் சேர்ந்துவிட்டது.

கிருஷ்ணகிரி, தர்மபுரி தாண்டினால் தொப்பூர்க் கணவாய். லாரிக்காரர்கள் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு இறங்குகிற இடம். அப்புறம் சேலம், நாமக்கல். பரமத்தி வேலூர்ப் பக்கம் காவிரியைத் தாண்டிக் கரூர், திண்டுக்கல், மதுரை.

மதுரைக்குத் தெற்கேதான் பழைய கதை இருக்கிறது. 1689 முதல் ஏறத்தாழ 1706 வரை பேரனுக்காக மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள், கன்னியாகுமரிப் பக்கம் போகிற பாதையைச் சீர்படுத்தி, மரம் வைத்து, சத்திரம் கட்டி வைத்தார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பேரிலுள்ள சத்திரத்தைப் பார்த்திருப்பீங்க. இன்றைய சாலை அந்தத் தடத்தின் மேலேயே போகவில்லை. சில இடங்களில் விலகிப் போகிறது. ஆனாலும் தென் மாவட்டத்திலே பல ஊர்களில் மங்கம்மாள் சாலை என்ற பேர் இன்னும் வழக்கில் இருக்கிறது.

இந்த வழியிலேதான் கயத்தாறு. 1799-இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது அங்கே ஒரு புளியமரத்தில்தான். திருநெல்வேலியிலே தாமிரபரணிக்குப் பாலம் இல்லாமல் ஜனங்கள் படகுக்குக் காத்துக் கிடந்தார்கள். சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம் 1843-இல் திறந்தது. ஒரு தனி மனிதர் கட்டினது, இன்னும் நிற்கிறது!

அந்தக் காலத்திலே பருத்தியும் மிளகாய் வத்தலும் விருதுநகருக்கு ராத்திரி வண்டியில்தான் போகும். அச்சுக்குக் கீழே லாந்தர் ஆடும். வண்டிக்காரர் தூங்கிப் போனாலும் மாடு வழி தவறாது. விடிந்தால் புளியமர நிழலில் அவிழ்த்துப் போட்டுச் சோறு பொங்குவார்கள். அந்த மரங்களின் புளியை வருஷா வருஷம் ஏலம் விடுவதும் உண்டு.

2000-க்குப் பிறகு நாலு வழி வந்தது. மரங்கள் போயின. ராத்திரி முழுக்கப் போன தூரத்தை லாரி ஒரு மணி நேரத்தில் கடக்கிறது. காய்கறி வாடாமல் சந்தைக்குப் போகிறது. அது நல்லதுதான். ஆனால் கிணறு ஒரு பக்கம், வயல் மறுபக்கம் என்று ஆனவர்களைக் கேளுங்கள். மாட்டைக் கடத்தவும், தண்ணிக் குழாய் கொண்டு போகவும் படுகிற பாடு அவர்களுக்குத்தான் தெரியும்.

இனி உங்க ஊர்ப் பக்கம் அகலப்படுத்த வந்தால் ஒன்றைக் கவனியுங்கள். 1956-ஆம் வருஷத்துத் தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி, நிலம் எடுக்கிற அறிவிப்பு அரசிதழில் வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபணையை எழுத்து மூலமாகக் கொடுக்க வேண்டும். நேரில் போய்ச் சொல்லவும் உரிமை உண்டு. அறிவிப்பின் விவரம் தமிழ்ப் பத்திரிகையிலும் வரும். நஷ்ட ஈட்டை 2015 முதல் 2013-ஆம் வருஷத்து நில எடுப்புச் சட்டத்தின்படிதான் கணக்கிட வேண்டும். மாடும் டிராக்டரும் போகக் கீழ்ப்பாலம் வேண்டுமென்றால் வரைபடம் போடும்போதே கேட்டுவிடுங்கள். தார் போட்ட பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம்.