பட்டன் கதையும் பாளை மாணவர்களும்

நம் கல்லூரியால் ஊருக்கு என்ன ஆயிற்று என்று எழுதச் சொன்னார்கள் மலர்க் குழுவினர். கலெக்டரானவர், டாக்டரானவர் பட்டியலை மற்ற நண்பர்கள் போட்டுவிடுவார்கள். 1923-ல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரியில் தமிழ் படித்த எனக்குத் தெரிந்தது ஒரு பாட்டுச் சங்கதிதான்.

பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போனவர்கள் பட்டவராயன் சன்னிதியைப் பார்த்திருப்பீர்கள். அங்கே காணிக்கை தோல் செருப்பு! காரணத்தை வில்லுப்பாட்டுக்காரர் சொல்லுவார். அந்தணனான முத்துப்பட்டன், வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா மேல் ஆசைப்பட்டான். பூணூலை அறுத்தெறிந்தான், செருப்புத் தைத்தான், இருவரையும் மணந்தான். மாடு கவர வந்தவர்களோடு மோதி மாண்டான். பெண்கள் இருவரும் சிதையேறினார்கள். கொடை விழாக்களில் விடிய விடிய ஊரே கேட்டு அழுத கதை இது.

ஆனால் வகுப்பறையில் இதற்கு இடமில்லை. சங்க இலக்கியம் உண்டு, கம்பன் உண்டு, இது "தெருப்பாட்டு".

இதை மாற்றியவர்களில் முதல் ஆள் எந்தக் கல்லூரியிலும் பேராசிரியராக இருந்தவர் அல்ல. நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை (1917–1980) ஆசிரியர் வேலையை விட்டுவிட்டுப் பாளையங்கோட்டையில் டுடோரியல் நடத்தி வந்தார். பொதுவுடைமைக்காரர். 1967-ல் அவர் கூட்டிய நெல்லை ஆய்வுக் குழுவில் கல்லூரி ஆசிரியர், மாணவர், பட்டதாரி எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வாதாடினார்கள். 1969-ல் 'ஆராய்ச்சி' என்ற காலாண்டிதழும் வந்தது. 1970-களின் தொடக்கத்தில் அவர் பதிப்பித்த முத்துப்பட்டன் கதையை மதுரைப் பல்கலைக்கழகமே வெளியிட்டது. தெருப்பாட்டு பல்கலைக்கழக வெளியீடாயிற்று!

அச்சில் வந்தது பெரிதில்லை. பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் பிராமணப் பெண்கள், காட்டில் கிடந்தவர்களைப் பகடை எடுத்து வளர்த்தார் என்றும் பாடுவதுண்டு. அப்படியானால் பட்டன் சாதி மீறவே இல்லை. கதையின் உயிரே போச்சு. இது மேல்சாதியாரைச் சமாதானப்படுத்தப் பிற்காலத்தில் செருகியது என்றார் வானமாமலை. ஒரு பாடத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியுமா? யார் பாடினார், எந்த ஊரில், யார் முன்னால் என்று எழுதி வைத்தால்தான் முடியும். அதற்கு ஊர் ஊராகப் போக ஆள் வேண்டும்.

அந்த ஆட்கள் மாணவர்கள்தான். நம் கல்லூரியில் பேராசிரியர் தே. லூர்து நாட்டார் வழக்காற்றியலுக்கு இலக்கணம் போலவே நூல்கள் எழுதினார். தமிழ்த்துறையில் முளைத்தது தனித்துறையாகவும் ஆய்வு மையமாகவும் வளர்ந்தது. அமெரிக்கரான ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் வில்லுப்பாட்டைப் பற்றி 1988-ல் ஆங்கிலத்தில் நூல் எழுதியபோது எங்களுக்கெல்லாம் பெருமைதான். இருந்தாலும் நம் பையன்களுக்கு ஒரு வசதி: அவர்களுக்கு அது சொந்த ஆச்சியின் குரல். வீட்டில் முதல் முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் பலர். "இதையெல்லாமா காலேஜ்ல கேக்காக?" என்று சிரித்த ஆச்சிமார், நோட்டைப் பிரித்ததும் குரலைச் செருமிக்கொண்டு ஒப்பாரியை முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். அந்தப் பையன் மறுநாள் வகுப்பில் உட்காரும் தோரணையே வேறு. மார்க் ஷீட்டில் இது வராது.

வானமாமலையின் மாணவரான ஆ. சிவசுப்பிரமணியன் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் ஆசிரியராக இருந்துகொண்டே அடித்தள மக்களின் வரலாற்றை வழக்காறுகளிலிருந்து எழுதினார். 1990-ல் வந்த மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பாளைக்காரரான தொ. பரமசிவன் தமிழ்த்துறைத் தலைவராக இருந்தார். உப்பையும் உலக்கையையும் வைத்துப் பண்பாடு பேசியவர். 2020 டிசம்பரில் மறைந்தார்.

இப்போது ஒரு வேண்டுகோள். 80-களிலும் 90-களிலும் களப்பணிக்குப் போன நம் ஆட்களின் வீட்டுப் பரணில் கேசட்டுகள் இருக்கும். அவற்றில் பாடியவர்களில் பலர் இன்று இல்லை. நாடாவும் பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கும். சங்கக் கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவாருங்கள். கம்ப்யூட்டரில் ஏற்றித் தர இன்றைய மாணவர்களுக்குத் தெரியும். பாடியவர் பெயர், ஊர், தேதி மட்டும் ஞாபகம் உள்ளவரை ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். அதை நீங்கள்தான் சொல்ல முடியும்.