உடைந்தும் பிழைத்த சாடி

வீட்டில் ஒரு கிளாஸ் உடைஞ்சா என்ன செய்கிறோம்? "காலைப் பார்த்து வை!" என்று ஒரு சத்தம். பிறகு கூட்டி அள்ளிக் குப்பையில் கொட்டிவிடுகிறோம். அப்படிக் கொட்டாமல், துண்டுகளை 144 வருஷம் விடாமல் சேர்த்த கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

இலண்டன் பிரிட்டிஷ் அரும்பொருட்காட்சி சாலையில் 'போர்ட்லண்ட் சாடி' என்றொரு கண்ணாடிப் பாத்திரம் இருக்கிறது. உயரம் 24.5 சென்டிமீட்டர், உங்கள் பள்ளி அடிக்கோலைவிடக் குட்டை. ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் உரோமானியர் காலத்தில் செய்தது. கருநீலத்தின் மேல் வெள்ளை உருவங்கள். ஒட்டியதல்ல, தீட்டியதுமல்ல. நீலக் கண்ணாடிக் குழம்பைக் குழலில் எடுத்துக் கொஞ்சம் ஊதி, அதை வெள்ளைக் குழம்பில் தோய்த்து, இரண்டையும் சேர்த்து ஊதியிருக்கிறார்கள். ஆறும்போது இரண்டும் ஒரே அளவில் சுருங்க வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். அப்புறம் வெள்ளையைச் செதுக்கிச் செதுக்கி மனிதர், மரம், பாம்பு என்று உருவாக்கியிருக்கிறார்கள். நிழல் வேண்டிய இடத்தில் வெள்ளையை மெல்லிசாக்கி, அடியிலுள்ள நீலம் தெரியும்படி விட்டிருக்கிறார்கள். கை ஒரு தடவை வழுக்கினால் போச்சு! அவ்வளவும் செய்தவர் பெயர் எங்குமே இல்லை. உடைத்தவன் பெயர்தான் ஏட்டில் இருக்கிறது.

1845 பிப்ரவரி 7. வில்லியம் லாயிட் என்று பெயர் சொல்லிக்கொண்ட ஓர் இளைஞன், பக்கத்திலிருந்த சிற்பக் கல்லைத் தூக்கிச் சாடிமேல் எறிந்தான். ஒரு வாரமாகக் குடித்துக்கொண்டிருந்தானாம். சாடி 200க்கும் மேற்பட்ட துண்டுகளாயிற்று. அன்றைய சட்டப்படி 5 பவுண்டுக்கு மேல் விலையுள்ள பொருளுக்கு வழக்குப் போட இடமில்லை. ஆகவே சாடியை மூடியிருந்த கண்ணாடிப் பெட்டிக்கு மட்டும் 3 பவுண்டு அபராதம்! அதையும் யாரோ பெயர் சொல்லாமல் கட்டிவிட்டார்கள். விந்தையான நியாயம்தான்.

ஜான் டபுள்டே என்பவர் அதே ஆண்டு சாடியை ஒட்டி நிறுத்தினார். 37 சில்லுகளுக்கு மட்டும் இடம் கண்டுபிடிக்க முடியவில்லை. அவை ஒரு பெட்டியில் வெளியே போய், 1948இல்தான் அரும்பொருட்காட்சி சாலைக்குத் திரும்பின. மறுபடி ஒட்டிப் பார்த்தார்கள், மூன்றே பொருந்தின. பின்னர் அந்தப் பசையும் மஞ்சளாகித் தளர்ந்தது. 1988இல் நைஜல் வில்லியம்ஸ், சண்ட்ரா ஸ்மித் இருவரும் துணிந்து பசையை இளக்கி, முழுச் சாடியையும் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். பிரிக்கும்போது அவர்களுக்கு நெஞ்சு எப்படி அடித்திருக்கும்! 1989இல் வேலை முடிந்தது. பெட்டிச் சில்லுகளில் பல தம் இடத்துக்கு வந்து சேர்ந்தன. மிஞ்சிய இடைவெளிகளை நீலமும் வெள்ளையுமாகச் சாயமிட்ட பிசினால் நிரப்பினார்கள். இப்போது கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் விரிசல் கண்ணுக்குத் தெரிவதில்லை.