தனியார் விமானி உரிமமும் கட்டணமில்லாப் பயணிகளும்

தனியார் விமானி உரிமம் பெற்றவர் நண்பரையும் உறவினரையும் விமானத்தில் ஏற்றிச் செல்லலாம். அதற்கு ஊதியமோ வாடகையோ வேறு கைம்மாறோ பெறக் கூடாது. அம்பாசமுத்திரத்திலிருந்து மணிமுத்தாறு அருவிக்குப் போகும் வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. சொந்தக்காரர்களை வெள்ளைப் பலகைக் காரில் கூட்டிப் போகலாம். வாடகைக்கு ஓட்ட மஞ்சள் பலகை வேண்டும்.

இந்தியாவில் இதற்கு அடிப்படை 1934ஆம் ஆண்டின் வானூர்திச் சட்டத்தின் கீழ் வந்த 1937ஆம் ஆண்டு வானூர்தி விதிகள். (அச்சட்டத்தின் இடத்தில் 2025 சனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதிநியம் உள்ளது.) தனியார் உரிமத்துக்கு 40 மணி நேரப் பறப்பு போதும், வணிக உரிமத்துக்கு 200 மணி நேரம் தேவை. பணம் கொடுத்து ஏறுபவர் விமானியை அறியமாட்டார். அவருக்காகத்தான் அந்தக் கூடுதல் மணிகள்.

தொடக்க காலத்தில் இக்கோடு கண்ணுக்குத் தெரியாத ஒன்றாகவே இருந்தது. 1929 பிப்ரவரி 10 அன்று ஜே. ஆர். டி. டாட்டா இந்தியாவின் முதல் விமானி உரிமத்தைப் பெற்றார். 1930இல் மீனம்பாக்கத்தில் சென்னை விமானக் கழகம் தோன்றியது. ஆர்வலர்கள் பொழுதுபோக்காகப் பறக்கக் கற்ற இடங்கள் இத்தகைய கழகங்களே. 1932 அக்டோபர் 15 அன்று டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக மும்பைக்குத் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு எடுத்துச் சென்றார். அவர்கள் ஓட்டிய புஸ் மாத், செல்வந்தர்கள் உல்லாசத்துக்கு வாங்கிய அதே சிறு விமானம்தான். தபாலுக்குக் கட்டணம் வந்ததால் அது தொழிலாயிற்று.

விதிகளில் 'பொதுப் போக்குவரத்து' என்பதன் வரையறை நுட்பமானது. எவ்வகைக் கைம்மாறுக்கும் ஆளையோ பொருளையோ ஏற்றினால் அது பொதுப் போக்குவரத்து. விமானப் போக்குவரத்து நிறுவனம் இலவசமாக ஏற்றினாலும் அப்படியே. தனியாருக்குள்ள சலுகை நிறுவனத்துக்கு இல்லை.

சிக்கல் எழுவது “டீசல் காசை மட்டும் குடுங்க” என்ற இடத்தில்தான். அமெரிக்க விதிப்படி தனியார் விமானி பயணத்தின் எரிபொருள் போன்ற நேரடிச் செலவுகளைப் பயணிகளோடு பங்கிடலாம், ஆனால் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளக் கூடாது. செலவு பகிரும் பயணிகளை இணையத்தில் சேர்த்துவிட்ட ஃபிளைட்நவ் நிறுவனம், இது பொதுமக்களை வாடகைக்கு அழைப்பதே என்ற தீர்ப்பை 2015இல் எதிர்கொண்டது. இந்திய விதியின் வாசகத்தில் இப்படியொரு பங்கீட்டு விலக்கே இல்லை. கடுமையாகத் தோன்றினாலும் இதில் குழப்பம் குறைவு.

மீறலின் விளைவு 2019 சனவரி 21 அன்று தெரிந்தது. அர்ஜென்டினக் கால்பந்து வீரர் எமிலியானோ சாலா பிரான்சின் நாந்திலிருந்து கார்டிஃப் நகருக்கு ஒற்றை எஞ்சின் விமானத்தில் இரவில் புறப்பட்டார். அவரது விமானியிடம் இருந்தது தனியார் உரிமம் மட்டுமே. இரவில் பறக்கும் தகுதியும் இல்லை. விமானம் கர்ன்சி தீவருகே கடலில் விழுந்தது. சாலாவின் உடல் கிடைத்தது, விமானியின் உடல் கிடைக்கவில்லை. பயணத்தை ஏற்பாடு செய்தவருக்கு 2021இல் பிரித்தானிய நீதிமன்றம் 18 மாதச் சிறைத்தண்டனை விதித்தது.