தேர் வீதியும் தோட்டத்து நடைவழியும்

திருவருள் கூட்டிய இவ்விழா நாளில், ஊரமைப்பைப் பற்றிய சில வரலாற்றுச் செய்திகளைப் பக்தப் பெருமக்களின் முன் வைக்க விழைகிறேன். ஆலய மலரில் ஊரமைப்புக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். கோயிலை நடுவில் வைத்தே தமிழர் தம் பெருநகர்கள் பலவற்றை வகுத்தனர் என்பதே விடை.

மதுரையில் மீனாட்சியம்மன் சந்நிதியைச் சூழ ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி எனத் திங்களின் பெயர் தாங்கிய வீதிகள் ஒன்றைச் சுற்றி ஒன்றாய்ச் சதுரமாக அமைந்துள்ளன. சித்திரைத் தேர் ஓடுவதோ மாசி வீதிகளில்! மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார், வீதியின் பெயர் மட்டும் பழையபடியே நின்றுவிட்டது என்பர் பெரியோர். தேர் திரும்ப மூலை அகன்றிருக்க வேண்டும். வடம் பிடிப்போர்க்கு இடம் வேண்டும். குழந்தையைத் தோளில் சுமந்த தாய் ஒதுங்கி நிற்கத் திண்ணை வேண்டும். நடந்து வலம் வரும் அடியாரே அந்நகரின் அளவுகோல்.

இனி நம் மலைக்கு வருவோம். 1885இல் வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதியை அளக்க வந்தார். 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இதனை மலைவாசத்தலமாக வளர்க்க முனைந்தபின், தாப்பாவிலிருந்து சாலை மேலேறிற்று. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். கோவேறு கழுதைகளையும் ஒரு நீராவி உருளையையும் துணைகொண்டு காட்டைத் திருத்தியது தொழிலாளர் கரங்களே.

அக்காலத் தோட்டங்களில் லயம், பெரட்டுக்களம், ஆயாக் கொட்டகை, தொழிற்சாலை, கோயில் யாவும் கால்நடைத் தொலைவிலேயே இருந்தன. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என விதித்தமையால், பள்ளியும் அருகிலேயே வந்தது. போ, சுங்கை பாலாஸ், புளூவேலி எனத் தோட்டப் பெயர்களையே நம் தமிழ்ப்பள்ளிகள் தாங்கி நிற்பதன் காரணமும் இதுவே.

வியப்புக்குரிய ஒற்றுமை ஒன்று உண்டு. போ தோட்டம் தோன்றிய அதே 1929இல், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ராட்பர்ன் என்னும் ஊர் உருவாயிற்று. கிளாரன்ஸ் ஸ்டைன், ஹென்றி ரைட் ஆகிய இருவரும் அதனை வகுத்தனர். வீடுகளின் முகம் பூங்காவை நோக்கியது. மோட்டார் வண்டி பின்புறமாக வந்து நின்றது. சாலையைக் கடக்காமல், அதன் கீழே அமைந்த வழியாகப் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்தனர். பொருளாதார மந்தத்தால் அவ்வூர் முழுமை பெறவில்லை. எனினும் உலகின் நகரமைப்பாளர்கள் அதை இன்றும் படிக்கின்றனர். நம் லயங்களை யார் படித்தார்?

ஆயினும் உண்மையை மறைத்தல் தகாது. ராட்பர்னில் நடைவழி குழந்தைக்காக வகுக்கப்பட்டது. தோட்டத்திலோ, விடியுமுன் ஆள் பெரட்டுக்கு வந்து சேர வேண்டும் என்பதற்காக வகுக்கப்பட்டது. வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் கூரையும் போயிற்று. ஒரே தாழ்வாரத்தில் பத்துக் குடும்பங்கள் வாழ்ந்த நெருக்கத்தை இன்று இனிய நினைவாக மட்டும் பேசுவது, அதில் உழன்ற தாய்மார்க்கு நாம் செய்யும் குறை. அந்த நெருக்கடிக்குள்ளேயே கூட்டு வழிபாட்டையும் பஜனையையும் திருவிழாவையும் வளர்த்து, லயத்தை ஊராக்கியவர்கள் நம் முன்னோரே.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்குப் புதிய சாலை திறந்தபின், காய்கறி லாரிகளும் வார இறுதிச் சுற்றுலா வண்டிகளும் கோலா தெர்லாவின் வழியே பெருகின. ஊரின் ஒருபுறமிருந்து மறுபுறம் செல்ல, பாட்டியும் பேரனும் கைபிடித்துக் காத்து நிற்கின்றனர். மதுரையிலோ கோயிலையொட்டிய சித்திரை வீதிகள் இன்று பெரும்பாலும் நடப்போர்க்கே விடப்பட்டுள்ளன.

எந்த லயத்திலிருந்து எந்த மேட்டின் வழியாகக் காவடி இறங்கிற்று, எந்த ஓடையருகே பால்குடம் நிறைந்தது என்பதை அறிந்த முதியோர் சிலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்களை உட்காரவைத்துக் கேட்டு, அவ்வழிகளை ஒரு வரைபடமாக எழுதி ஆலய மண்டபத்தில் வைத்தால், நடைபாதை வேண்டி மாவட்ட மன்றத்திடம் செல்லும் நாளில் அதையே கையில் கொண்டு செல்லலாம்.