ஊசியில் குறையில்லை, நோய்தான் வேறு

“தடுப்பூசியைச் சரியாகச் சோதித்துத்தான் கொடுக்கிறார்களா?” என்று இந்த அரங்கில் கேள்வி எழுந்தது. பேராக் மக்களுக்கு இது புதிய கேள்வியல்ல.

1998 செப்டம்பர் இறுதியில் ஈப்போவைச் சுற்றியுள்ள பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் தொடங்கியது. கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டினார்கள். சிலரது இரத்தச் சோதனையும் அப்படித்தான் சொன்னது. பிறகென்ன? புகையடித்தார்கள், ஊசி போட்டார்கள். ஊசியில் பழுதில்லை. ஆனாலும் அதைப் போட்டுக்கொண்டவர்களும் நோயில் விழுந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்குவது. இங்கு விழுந்தவர்களோ பன்றிகளோடு புழங்கிய ஆண்கள்!

1999 மார்ச்சில்தான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமியைக் கண்டுபிடித்தார். நெகிரி செம்பிலானின் கம்போங் சுங்கை நிப்பாவைச் சேர்ந்த நோயாளியிடமிருந்து கிடைத்ததால் நிப்பா என்று பெயர். நோய் தொடங்கியது நம் ஈப்போவில், பெயர் போனது அங்கே. 265 பேர் நோயுற்றனர், 105 பேர் மாண்டனர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

அந்த நிப்பாவுக்கு ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகம் உருவாக்கிய தடுப்பூசி 2024 ஜனவரியில்தான் முதன்முதலாக மனிதர்களுக்குப் போடப்பட்டது. சிம்பன்சிக் குரங்கின் சளிக்கிருமியைப் பெருக முடியாதபடி முடக்கி, அதில் நிப்பாவின் மரபணு ஒன்றை ஏற்றியிருக்கிறார்கள். கோவிட் காலத்தில் நாம் போட்டுக்கொண்ட அஸ்ட்ராஸெனெகாவும் இதே வாகனம்தான். சரக்குதான் வேறு.

இத்தகைய ஊசிக்கு ஆய்வுக்கூடச் சோதனைகள் பல. முடக்கிய கிருமி மறுபடியும் பெருகுகிறதா, வேறு நுண்ணுயிர் கலந்துவிட்டதா என்றெல்லாம் பார்ப்பார்கள். இவற்றில் சிக்கலானது எண்ணிக்கை. பால்மரத் தோட்டங்கள் செம்பனையாக மாறிவிட்டாலும், அங்கு வாழ்ந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். வாளியை நிறுத்தால் மட்டும் போதாது. தண்ணீர் போக ரப்பர் எவ்வளவு என்று அளவுகோலை மிதக்கவிட்டுப் பார்ப்பார்களே, அதுதான். குப்பியிலுள்ள மொத்தக் கிருமித் துகள்கள் ஒரு கணக்கு. உயிரணுவுக்குள் நுழையும் வலுவுள்ளவை வேறு கணக்கு.

2020இல் துகள்களை எண்ணுவதிலேயே சறுக்கல் வந்தது. இத்தாலியில் தயாரான ஒரு தொகுதியை அங்கே மரபணுப் பிரதிகளை எண்ணி அளந்தார்கள். ஆக்ஸ்ஃபர்டில் ஒளியைப் பாய்ச்சி அளந்தார்கள். மருந்தில் சேர்த்திருந்த பாலிசார்பேட் 80 என்ற பொருள் ஒளிக் கணக்கைக் குழப்ப, ஏறக்குறைய இருமடங்காகக் காட்டியது. அதை நம்பி மருந்தைக் குறைத்தார்கள். பரிசோதனைக்கு வந்தவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு முதல் ஊசியில் பாதி அளவே போனது. நல்லவேளை, குறைந்த பக்கம் சறுக்கியது.

நிப்பா ஊசியின் இரண்டாம் கட்டப் பரிசோதனை 2025 டிசம்பரில் வங்காளதேசத்தில் தொடங்கியது. அதில் ஏற்றியிருப்பது அந்நாட்டு நிப்பா வகையின் மரபணு. நம்மூரில் வந்தது சற்றே வேறு வகை. அதையும் இந்த ஊசி தடுக்குமா? ஹாம்ஸ்டர் எலிகளிடம் சோதித்தபோது இரண்டு வகையையும் தடுத்தது. 2019இல் அந்த முடிவு வெளியானது.