மயிலை சீனி. வேங்கடசாமியும் கொல்லியும்

கொல்லிமலையில் வங்கிக் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு இருட்டிய பிறகு படிப்பதைத் தவிர வேறு ஜோலி கிடையாது. மயிலை சீனி. வேங்கடசாமியை வரிசையாகப் படிக்க இங்கேதான் எனக்கு வாய்த்தது.

1900இல் மயிலாப்பூரில் பிறந்து 1980இல் மறைந்தவர். பிழைப்புக்குப் பள்ளி ஆசிரியர் உத்தியோகம். பல்கலைக்கழக நாற்காலி இல்லை. 'கிறித்தவமும் தமிழும்' (1936), 'பௌத்தமும் தமிழும்' (1940), 'சமணமும் தமிழும்' (1954) என்று, சைவ வைணவப் பெருமிதம் ஒதுக்கி வைத்த பக்கங்களையே எழுதிக்கொண்டிருந்தார். ஊர் எல்லையில் இருக்கும் ஐயனார், சாத்தனார் பெயர்களுக்குப் பின்னால் புத்தரைத் தேடியவர். அந்தத் தேடலில் சில இடங்களில் அவசரம் தெரிகிறது. ஆனால் கேள்வி அசலானது: தோற்ற மதம் எங்கே போகிறது?

அவருடைய சாதனை என்று நான் கருதுவது 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' (1959). உரைகளிலும் தொகைகளிலும் சிதறிக் கிடந்த செய்யுட்களையும் பெயர்களையும் பொறுக்கி வைத்த புத்தகம். நடை வறட்சி; நம் சிறுபத்திரிகைக்காரர்கள் இவரைத் தொடாததற்கு அதுவும் காரணம். இருந்தாலும், இல்லாததற்கு ஒருவர் இவ்வளவு பொறுமையாகப் பேரேடு போட்டதைத் தமிழில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. தகடூர்ப் போரைப் பாடிய 'தகடூர் யாத்திரை' அதில் பதிவாகியிருக்கிறது. சில செய்யுட்கள்தான் மிச்சம்.

அந்தப் போரின் முன்கதை இந்த மலை. ஓரியைக் கொன்று காரி கொல்லியைச் சேரர்க்குக் கொடுத்தான். அகநானூறு 209 சொல்கிறது. 'கொங்கு நாட்டு வரலாறு' (1974) எழுதும்போது வேங்கடசாமி இத்தகைய பாட்டுகளைக் கல்வெட்டுக்குச் சமமாக வைத்துக்கொண்டார். எனக்கு அவரோடு சண்டை இங்கேதான். அந்தப் பாட்டில் பேசப்படுவது பிரிவு. கொல்லியும் அதன் பாவையும் தலைவியின் அழகுக்கு உவமையாக வருகின்றன. ஓரியின் சாவு அந்த உவமைக்குள் ஒரு அடைமொழி. கவிஞன் ஏன் ஒரு காதல் பாட்டுக்குள் கொலையை வைத்தான் என்று வரலாற்றாசிரியர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வரலாறே வேறு மாதிரி ஆகியிருக்கும்.

ஆனால் பாவையைக் கவிதைப் படிமம் என்று மட்டும் வைத்துக்கொள்ளும் நம்மவர்களும் (அந்தப் பெயரில் ஒரு சிற்றிதழே நடத்தினோம்) பாதிதான் படிக்கிறோம். இங்கே எட்டுக்கை அம்மன் கோயிலில் அவளைத்தான் கும்பிடுகிறோம் என்கிறார்கள். மலையாளிப் பழங்குடியினர் தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள். வந்தவர்களுக்கு இந்தப் பழைய பாவை எப்படிக் கிடைத்தாள்? வேங்கடசாமி கேட்டிருக்கக்கூடிய கேள்வி. அவருடைய கருவிகளில் இதற்கானது இல்லை. அவர் ஏடுகளின் மனிதர்.