இரண்டு சின்னக் கார்களும் ஓர் அகதிப் பையனும்

1922 ஆம் ஆண்டு யூலையில் ஹேபேட் ஒஸ்ரின் ‘ஒஸ்ரின் செவன்’ என்ற சின்னக் காரை இங்கிலாந்தில் அறிமுகம் செய்தார். அதே ஆண்டு செப்ரெம்பரில் ஏஜியன் கடலோர நகரமான ஸ்மேர்ணா துருக்கியப் படைகளிடம் வீழ்ந்தது. அங்கிருந்து வெளியேறியவர்களில் அலெக் இஸிகோனிஸ் என்ற பதினைந்து வயதுப் பையனும் ஒருவன். குடும்பத்துக்குப் பிரித்தானியப் பிரஜாவுரிமை இருந்ததால் கப்பலேற்றி மால்ற்றாவில் இறக்கினார்கள். தகப்பன் அங்கேயே இறந்துபோனார். தாயும் மகனும் அடுத்த ஆண்டு இங்கிலாந்து வந்து சேர்ந்தார்கள்.

அந்தப் பையன் வளர்ந்து வடிவமைத்த ‘மினி’ கார் 1959 ஓகஸ்ட்டில் வெளிவந்தது. அதை விற்ற நிறுவனம் ஒரு பதிப்புக்கு மீண்டும் ‘ஒஸ்ரின் செவன்’ என்றே பெயரிட்டது. ஆகவே இரண்டையும் ஒப்பிடுவது நியாயமானதே.

பழைய செவனின் இயந்திரம் 747 கன சென்ரிமீற்றர். வலு சுமார் 10 குதிரைவலு. அதிகூடிய வேகம் மணிக்கு ஏறத்தாழ 50 மைல். மினிக்கு 848 கன சென்ரிமீற்றர், 34 குதிரைவலு, 72 மைல். வலு மூன்று மடங்குக்கு மேல் கூடியும் வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. இதில் வியப்பில்லை. வேகம் கூடக்கூட, காற்றை எதிர்த்து ஓடத் தேவையான வலு வேகத்தின் மும்மடிக்கு ஏற்பப் பெருகும்.

உண்மையான வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. செவனுக்கு நான்கு சில்லுக்கும் பிறேக் இருந்தது. ஆனால் 1930 வரை கால் மிதி பின் சில்லுகளையும் கை நெம்பு முன் சில்லுகளையும் தனித்தனியே பிடித்தன. பிறேக் பிடிப்பதே ஒரு தொழில். மினி, 1956 சுயஸ் நெருக்கடியில் பெற்றோல் பங்கீட்டுக்கு வந்ததன் விளைவு. இஸிகோனிஸ் இயந்திரத்தைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர்ப் பெட்டியை அதன் அடியில் எண்ணெயோடு சேர்த்துவிட்டார். சில்லுகளைப் பத்து அங்குலமாக்கினார். பத்து அடி நீளக் காரில் நான்கு பெரியவர்கள் வசதியாக அமர்ந்தார்கள். நேர்ப் பாதையில் பெரிய கார்களிடம் தோற்கக்கூடிய இந்த வண்டியின் வலுக்கூடிய கூப்பர் வகை, வளைவுகளில் அவற்றை முந்தி 1964, 1965, 1967 ஆம் ஆண்டுகளில் மொன்ரே கார்லோ போட்டியை வென்றது.

பொறியியல் படித்தபோது கணிதத்தில் மூன்று தரம் தவறியவர் இஸிகோனிஸ். செவன் காரை ஓட்டிப் பந்தயங்களில் கலந்துகொண்டு, அதன் பாகங்களைக் கொண்டு நண்பரோடு சொந்தமாக ஒரு பந்தயக் காரையும் கட்டினார். வந்த நாட்டின் பொருளைப் பிரித்துப் பார்த்துக் கற்றவர் அவர். 1969 இல் அவருக்கு ‘சேர்’ பட்டம் கிடைத்தது.

ஐம்பது இலட்சத்துக்கும் மேல் விற்ற மினியை ஆங்கிலேயர் இன்றும் தமது அடையாளமாகவே கொண்டாடுகிறார்கள். செவனையோ, உரிமம் பெற்றுத் தயாரித்தே பிஎம்டபிள்யூ கார்த் தொழிலில் நுழைந்தது. அதே ஜேர்மன் நிறுவனம் 1994 இல் மினியையும் வாங்கிக்கொண்டது. எந்தப் பொருள் எந்த நாட்டுக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு இந்த இரண்டு வண்டிகளும் நேரான பதில் தருவதில்லை. அகதி விண்ணப்பப் படிவத்தில் ‘உங்களால் இந்நாட்டுக்கு என்ன பயன்’ என்று கேட்கப்படாமலே கேட்கப்படும் நாம், 1923 இல் வந்திறங்கிய பையனிடமும் அதற்கு அன்று பதில் இருந்திராது என்பதை நினைவில் வைத்திருப்போம். பதில் வர முப்பத்தாறு வருடங்கள் எடுத்தன.